பிடிக்காதது என்ன? ஆறு வரிகளுக்குள் எழுதவும்

பிப்ரவரி 9

அக்கா,

உறை மேலிருக்கும் கையெழுத்து என்னுடையது இல்லை. எங்கள் லேப்பில் கூட வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்து விலாசம் எழுத வைத்தேன். என் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவாய் என்று தெரியும். போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஒருவிதத்தில் நல்லதுதான். பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய்.

அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. வழக்கு மார்ச் 20 அன்று விசாரணைக்கு வருகிறது. என் வீட்டுக்காரர் அஜாக்கிரதையாகப் பைக் ஓட்டி மரணம் விளைவித்ததாகப் போட்டிருக்கிறார்கள். நிரூபித்துவிட்டால் இரண்டு வருடம் உள்ளே. பாலிடெக்னிக் வாத்தியார் வேலை அன்றைக்கே போய்விடும்.

அவர் வாதாடவே போவதில்லை என்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறாராம். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். "என்ஜின் நின்னுபோச்சுன்னு நீங்கதானே முதல் நாளே சொன்னீங்க?" என்று கேட்டேன். "நின்னுச்சு. அதை யார் நம்பப்போறா? ஓட்டினது நான்தானே" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கு அவர் பேசிய மொத்தப் பேச்சு. வண்டிக் கம்பெனி எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வண்டிக் கம்பெனிகளுக்காகக் கருத்துக் கணக்கெடுக்கும் உன் ஆபீசுக்கு, அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் எழுதும் படிவங்கள் வருகின்றன என்று நீயே ஒரு முறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். அவர்களில் யாராவது என்ஜின் நிற்கிறது என்று எழுதியிருக்கிறார்களா? ஒருவர் இருந்தால் போதும் அக்கா. வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன்.

சின்னவள்

●

பிப்ரவரி 15

சின்னவளுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் எழுத்தாக இருந்திருந்தாலும் கிழித்திருக்க மாட்டேன்.

நீ கேட்டதை அட்டவணையில் பார்த்தேன். அந்த வண்டிக்கு வந்த படிவங்கள் 412. "உங்கள் வண்டியில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? ஆறு வரிகளுக்குள் எழுதவும்" என்பது எட்டாவது கேள்வி. என்ஜின் சூடு என்றவர்கள் 131 பேர். சிக்னலில் நின்றால் அடுப்பில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறதாம். இருக்கை என்றவர்கள் 96. மணிக்கட்டு வலி, முதுகு வலி 74. பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் தங்கள் முழங்கையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்றவர்கள் 40. ஒருவர், "என் மனைவி இதில் ஏற மறுக்கிறாள். இது குறையா, வசதியா என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அதை 'இருக்கை'யில் சேர்த்தேன்.

என்ஜின் நிற்கிறது என்றவர்கள் இரண்டு பேர். நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு. கிளட்சைச் சரியாக விடத் தெரியாதவர்கள் எந்த வண்டிக்கும் இரண்டு பேர் இருப்பார்கள். அதைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கொடுத்தால் கம்பெனிக்குத்தான் அது சாதகம்.

விழுந்தவர்கள் எல்லோரும் என்ஜின் நின்றது, பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பதினொரு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தவிர, படிவங்களை வெளியே கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் விசாரணை அதிகாரியிடம் நான் சொன்னதை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று புரிகிறது. உன் வாத்தியாருக்கு வேகப் பைத்தியம் என்றேன். நாற்பத்தைந்து வயதில் குனிந்து ஓட்டுகிற ரேஸ் வண்டி வாங்கியவரை வேறு எப்படிச் சொல்வது? எழுபத்தொரு வயது அம்மாவை அதன் பின்னால் ஏற்றியவரை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியவள்

●

பிப்ரவரி 21

அக்கா,

நானூற்றுப் பன்னிரண்டில் இரண்டு. நன்றாக இருக்கிறது. அம்மா அதில் எத்தனையாவது?

அன்றைக்கு நீ இங்கே இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளாவது கேட்டாயா? இப்போது படி.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் பரிசோதனை. பதிவு செய்திருந்த கார் வரவில்லை. வேறு காரும் கிடைக்கவில்லை. நான் லேப்பில் இருந்தேன். அவர் எனக்குப் போன் செய்து, "டாக்டர்கிட்ட இன்னொரு நாள் நேரம் வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்து அம்மா பேசியது எனக்கே கேட்டது. "இதுக்காக இன்னொரு நாள் கட்டோட உக்காந்திருக்கணுமா? உங்க வண்டியிலயே ஏத்திக்குங்க மாப்பிள்ளை. நான் என்ன சர்க்கரை பொம்மையா, கரைஞ்சுபோக?"

"சரி, மெதுவா போங்க" என்றேன். நான்தான் சொன்னேன் அக்கா.

மெதுவாகத்தான் போனார். அதுதான் விஷயமே. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் போய், நடுத்தடுப்பு முடியும் இடத்தில் திரும்ப வேண்டும். திரும்பும்போது வண்டியைச் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மூடி, மறுபடி திறக்கிற அந்த ஒரு நொடியில் என்ஜின் அணைந்துவிட்டது. சாய்ந்திருக்கிற வண்டிக்கு இழுப்பு இல்லையென்றால் அது அப்படியே படுத்துவிடும். நூற்றெண்பது கிலோ. இவர் காலை ஊன்றித் தாங்கப் பார்த்திருக்கிறார். கணுக்கால் முறிந்தது. பின்சீட்டு எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியாது. அம்மா அங்கிருந்து நேராகத் தடுப்புச் சுவரில் விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். கண் கட்டில் படுகிறது என்று அதைத் தளர்த்தி வைத்திருந்தாள்.

முனையில் இருக்கும் தையல்காரர் பார்த்திருக்கிறார். "உருட்டிட்டுப் போற வேகம்தாங்க, நான் நடந்தா முந்திடுவேன்" என்று என்னிடம் சொன்னார். அதிகாரியிடமும் சொன்னாராம். அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. "செத்துப்போனவங்க மூத்த மகளே சொல்லிட்டாங்க, ஆள் வேகப் பேர்வழின்னு" என்றாராம். குற்றப்பத்திரிகையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நீ இருக்கிறாய்.

அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்கிறேன். வகுப்புக்குப் போகிறார், வருகிறார். கூடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. போன வாரம் அவர் மேஜையைத் துடைக்கப் போனேன். ஒப்புதல் வாக்குமூலத்தைத் தனது வரைபட எழுத்தில் அழகாக எழுதி, தேதியை மட்டும் விட்டு வைத்திருக்கிறார். சிறையிலிருந்து அவர் திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைக் கடிதத்தில் இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஒரே ஒரு தடவை வாய் திறந்து, "நான் முன்னாடியே எழுதிக் கொடுத்தேன்" என்றார். "யார்கிட்ட?" என்றேன். "சர்வீஸ்ல ஏதோ ஒரு தாள். பூர்த்தி பண்ணச் சொன்னாங்க." அங்கே போய்க் கேட்டால், அப்படி ஒரு தாளும் எங்களிடம் இல்லை, அதெல்லாம் வெளியே எங்கேயோ போய்விடும் என்கிறார்கள்.

எங்கே போகும் அக்கா அந்தத் தாள்?

சின்னவள்

●

மார்ச் 4

சின்னவளுக்கு,

அந்தத் தாள் என்னிடம் வந்தது.

இதை எப்படி எழுதுவது என்று நான்கு தாள்களை வீணாக்கினேன். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் எங்கள் வேலைமுறை உனக்குத் தெரிய வேண்டும். ஒரு படிவத்துக்கு ஒரு குறியீடுதான். ஒருவர் ஆறு வரியில் ஆறு குறை எழுதினாலும், முதலில் எழுதியதற்கு மட்டுமே எண் போடுவோம். எது ஒருவரை அதிகம் உறுத்துகிறதோ அதைத்தான் முதலில் எழுதுவார் என்பது காரணம். இந்த விதியை யாரோ போட்டதில்லை. நான் போட்டேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், நாளுக்கு நாற்பது படிவம் முடிக்க வேண்டியிருந்தபோது. மேலதிகாரி பாராட்டினார். அன்றிலிருந்து முதல் வரியைத் தாண்டி யாரும் படிப்பதில்லை. நானும்.

நீ கேட்ட கேள்விக்காகப் பழைய படிவ அறைக்குப் போனேன். ஆறு அட்டைப்பெட்டிகள். மதிய இடைவேளைகளில் எட்டு நாள் தரையில் உட்கார்ந்து, 412-ஐயும் கடைசி வரி வரை படித்தேன்.

இரண்டு பேர் இல்லை. ஐம்பத்தெட்டுப் பேர்.

மெதுவாகப் போகும்போது அணைந்துவிடுகிறது. திரும்பும்போது திடீரென்று இழுப்பு இல்லை. சிக்னலுக்கு நிற்கப்போகும்போது செத்துவிடுகிறது. அந்த இரண்டு பேரைத் தவிர எல்லாம் மூன்றாவது, நான்காவது, ஆறாவது வரிகளில். மேலே சூடு, இருக்கை, கண்ணாடி, செயின் சத்தம். கடைசியில், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வதுபோல், இது. பலர் அதோடு ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள்: 'எப்போதாவது', 'என் பழக்கமாகவும் இருக்கலாம்', 'பெரிய விஷயமில்லை'. உடம்புக்குத் தொந்தரவு தருவதை மனிதர்கள் முதலில் எழுதுகிறார்கள். பயமுறுத்துவதைக் கடைசியில் எழுதுகிறார்கள். பட்டம் வாங்கிக்கொண்டு வந்த எனக்கு இது தோன்றவில்லை.

ஐந்தாவது பெட்டியில் உன் வாத்தியாருடையது இருந்தது. படிவத்தில் பெயர் கிடையாது, சேசிஸ் எண் மட்டும்தான். ஆனால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோன்ற அந்த எழுத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நீ அனுப்பிய குற்றப்பத்திரிகையை எடுத்து எண்ணை ஒப்பிட்டேன். அதுவேதான். தேதி, போன ஜூன் 17. அம்மா விழுவதற்கு மூன்று மாதம் முன்பு.

அப்படியே எழுதுகிறேன்:

1. பின்னிருக்கை மிக உயரம். முன்பக்கமாகச் சரிகிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை.
2. சிக்னலில் நின்றால் வலது தொடை வேகிறது.
3. கண்ணாடியில் முழங்கை மட்டுமே தெரிகிறது.
4. செயின் சத்தம்.
5. உதிரிபாகம் வர ஆறு வாரம்.
6. மெதுவாகத் திரும்பும்போது சில சமயம் என்ஜின் நின்றுவிடுகிறது. பழகிவிட்டது.

ஒன்பதாவது கேள்வி, "இந்த வண்டியை மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா?" ஆம் என்பதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறார்.

வலது மூலையில் 'இருக்கை' என்பதன் குறியீடு. பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் இன்னொன்றையும் நீ பார்த்திருப்பாய். பின்னிருக்கை ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்ஜின் நிற்கும் என்றும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அம்மாவை ஏற்றினார். அரசு வக்கீல் இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யோசித்துப் பார்.

அந்த ஐம்பத்தெட்டையும் வெளியே கொண்டுவந்து என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். இதற்காக என்னை வெளியே அனுப்புவார்கள். அனுப்பட்டும். அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் திரும்பப் பெறுவதாக இன்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். நான் பார்க்காததைப் பார்த்ததுபோல் சொன்னேன் என்று எழுதினேன்.

அவருடைய தாளை என்ன செய்வது? நீ சொல்.

பெரியவள்

●

மார்ச் 9

அக்கா,

கிழித்துவிடு.

உன் கடிதத்தை லேப் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அங்கிருந்தே வக்கீலிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடியும் கழற்றினார். "அம்பத்தேழு தாளை வச்சுக்கிட்டு நான் இந்தக் கேஸைத் தலைகீழா நிறுத்துவேன்மா. அம்பத்தெட்டாவது வந்தா அவரை நானே கொண்டுபோய் உள்ள வைக்கிற மாதிரி" என்றார். பிறகு, "நான் எதையும் பார்க்கல, நீங்க எதையும் சொல்லல" என்றார்.

வீட்டில் இவரிடம் அவருடைய தாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மற்ற ஐம்பத்தேழு பேரைப் பற்றி மட்டும் சொன்னேன். முதல் தடவையாக முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அம்பத்தேழு பேரா?" என்றார். "அம்பத்தேழு பேர்" என்றேன். போய்க் குளித்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு இது போதும். உன்னிடம் கோபமில்லை. விதி போட்டது நீ என்றாயே, இருக்கட்டும். அம்மாவை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னது நான். எல்லாவற்றையும் இந்த ஒரு தாளோடு சேர்த்துக் கிழித்துவிடு. யாருக்கும் தெரியப்போவதில்லை. உன் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள். கேட்டுவிட்டேன்.

சின்னவள்

●

மார்ச் 14

சின்னவளுக்கு,

மூன்று முறை கையில் எடுத்தேன். என்னால் கிழிக்க முடியவில்லை. இது நேர்மை என்று நினைத்துவிடாதே, அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை. பதினொரு வருடமாக நான் செய்துகொண்டிருந்தது இதைத்தான்: ஒருவர் எழுதியதில் எனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இல்லை என்று ஆக்கியது. இன்னொரு முறை அதைச் செய்யக் கை வரவில்லை.

ஆனால் என் கை சுத்தமாக இருப்பதற்காக உன் வீட்டைக் கொளுத்தவும் எனக்கு உரிமையில்லை. ஐம்பத்தேழு படிவங்களை வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். ஐம்பத்தெட்டாவது இதோ, இந்த உறைக்குள். நகல் எடுக்கவில்லை. கிழிப்பதானால் நீ கிழி. கூண்டில் ஏறும் நாளில் எத்தனை படிவம் என்று யாராவது கேட்டால், வக்கீலுக்கு அனுப்பியது ஐம்பத்தேழு என்பேன். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை. உனக்காக அவ்வளவு தூரம் வருவேன்.

படிவங்களை எடுத்தது தெரிந்து, நேற்று என்னிடம் ஆபீஸ் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். பக்கத்து மேஜைக்காரி மட்டும் வாசல்வரை வந்து, "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை, ரிட்டயர் ஆக பத்து வருஷம்தானே இருக்கு" என்றாள்.

பெரியவள்

●

மார்ச் 22

அக்கா,

நான் கிழிக்கவில்லை. துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். 20-ம் தேதி காலை அவருக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். பொத்தான் போட்டுக்கொண்டே, "அந்த அம்பத்தேழு பேர்ல நான் எழுதினது இருக்கா?" என்று கேட்டார். சாதாரணமாக, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பதுபோல். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நின்றுகொண்டே படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "வாத்தியார்கிட்ட பேப்பரை ஒளிக்கலாமா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வக்கீல் ஐம்பத்தேழையும் அடுக்கி வைத்து அழகாகப் பேசினார். அரசு வக்கீல் எழுந்து ஏதோ சொல்வதற்குள் இவர் எழுந்தார். தாளை நீட்டி, "இது என்னோடது. இதையும் சேர்த்துக்குங்க" என்றார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி ஒரு அம்மாள். உன் வயதுதான் இருக்கும். ஆறு வரியையும் படித்தார். கடைசி வரியை மட்டும் சத்தமாக இன்னொரு முறை படித்தார். "பழகிவிட்டதுன்னு எழுதியிருக்கீங்களே, எது பழகிடுச்சு?" என்று கேட்டார்.

இவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பயம்மா. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பயமா இருக்கும். அப்புறம் அந்தப் பயம் பழகிடுச்சு. வண்டி ரொம்பப் பிடிச்சிருந்தது. அத்தை ஏறி உக்காந்தப்போ பயப்படணும்னே தோணல."

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார் அக்கா.

தீர்ப்பு இல்லை. ஜூன் 8-க்குத் தள்ளிவைத்தார்கள். எல்லாப் படிவங்களையும் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனிக்கும் உன் ஆபீசுக்கும் உத்தரவு. உன்னையும் கூண்டில் கூப்பிடுவார்கள். அதுவரை ஜாமீன். வெளியே வந்ததும் வக்கீல், "அந்த அம்மா என்ன நினைக்கிறாங்கன்னு எனக்கே தெரியல. எப்படி வேணும்னாலும் போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் படுத்துவிட்டேன். இவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நொண்டிக்கொண்டே நடந்தார். கணுக்கால் இன்னும் சரியாகவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உன்னைப் பற்றிக் கேட்டார். ஆறு மாதத்தில் முதல் தடவை. "உங்க அக்காகிட்ட கேளு. அந்த அம்பத்தேழு பேர் இன்னும் ஓட்டிக்கிட்டுத்தானே இருப்பாங்க?"

எழுதிக் கேட்கிறேன் என்றேன். ஜூன் எட்டில் என்ன ஆகும் அக்கா? நீ எழுது.

சின்னவள்

●

ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சாவியைக் கொடுக்குமுன், சேசிஸ் எண்களை வைத்து ஆபீஸ் பதிவேட்டிலிருந்து ஐம்பத்தேழு பேரின் விலாசங்களையும் எழுதி எடுத்துக்கொண்டிருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. உன் கடிதம் வந்த அன்று எழுத உட்கார்ந்தேன். அச்சடிக்கவில்லை. கையாலேயே எழுதினேன். அச்சடித்த தாளை யாரும் கடைசி வரி வரை படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் விஷயத்தை முதல் வரியில் வைத்தேன்: "உங்கள் வண்டியின் என்ஜின் நிற்பது உங்கள் பழக்கத்தால் அல்ல. இதனால் என் தாய் இறந்தார்."

இதுவரை பத்தொன்பது உறைகள் வந்திருக்கின்றன. பதினாலு பேர் நன்றி சொல்லிவிட்டு, ஜாக்கிரதையாக ஓட்டுவதாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் என்னைப் போட்டிக் கம்பெனியின் ஆள் என்று திட்டியிருக்கிறார். ஒருவருடைய கடிதம் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தது. அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை, என்னுடையதுதானே.

பத்தொன்பதாவது நேற்று வந்தது. எழுதியவர் ஒரு பல் மருத்துவர். வண்டியை ஜனவரியிலேயே விற்றுவிட்டாராம். என்ஜின் நிற்பது பற்றி வாங்கியவரிடம் சொல்லவில்லையாம். சொன்னால் வாங்க மாட்டார் என்று. உடனே போன் செய்தேன். நல்ல மனிதர், அழுதேவிட்டார். வாங்கியவரின் பெயர் தேடியும் கிடைக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஊரைச் சொன்னார். வண்டியை எடுக்க வந்தபோது கூடவே மனைவி வந்தாராம். ஏழு மாதமோ எட்டு மாதமோ, வயிற்றில் குழந்தை. பின்னால் ஏற்றிக்கொண்டுதான் போனாராம்.

ஜூன் 8-ம் தேதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக முடியும் என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் நீயும் நம்ப மாட்டாய். கூண்டில் என்னைக் கேட்டால் ஐம்பத்தெட்டு என்பேன்.

வரும் வியாழக்கிழமை அந்த ஊருக்குப் போகிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே எத்தனை மருந்துக்கடை இருந்துவிடப் போகிறது. காலை ரயில் ஆறு நாற்பதுக்கு உங்கள் ஊரில் நிற்கும். மூன்று நிமிடம்தான். நான் ஐந்தாவது பெட்டியில், நடைமேடைப் பக்கம் இருப்பேன். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்ய வேண்டாம், வர முடியாது என்று நீ சொல்வதை என்னால் கேட்க முடியாது. வந்தால் ஏறு.

அக்கா